தகர டப்பாவில் ஆறு அட்டை

பிப்ரவரி 18, சனி
வலி: 4. மாத்திரை: வெள்ளை இரண்டு, பயத்துக்கு அரை.

திண்டுக்கல் நரம்பு டாக்டர் இந்த நோட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டுமாம். என்ன மாத்திரை, எத்தனை, மனசு எப்படி இருந்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். இருபத்து நாலு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவளுக்கு இப்போது வந்து சேர்ந்த விடைத்தாளைப் பாருங்கள்.

வலது கன்னத்தில் நரம்பு வலி. நாலு வருஷமாக. பல் வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிப் போட்டாயிற்று. பற்கள் போயின, வலி போகவில்லை. பல் துலக்கினால், காற்று பட்டால், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால், காதிலிருந்து தாடை வரைக்கும் கரண்ட் அடிக்கும். முப்பது வருஷமாக லைன்மேனாகக் கம்பத்தில் ஏறுகிறவர் என் வீட்டுக்காரர் இன்னாசி. ஷாக் அடிப்பதென்னவோ எனக்கு.

வலி ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து நிமிஷம் இருக்கும். வந்துவிடுமோ என்ற பயம்தான் மீதி நேரம் முழுவதும். அதற்குத்தான் இரவில் அந்த அரை மாத்திரை.

வெள்ளை மாத்திரை வலியைக் குறைக்கிறது, என்னையும் குறைக்கிறது. போன ஜூனில் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது நாக்கு குழறியது. முன் பெஞ்சுப் பிள்ளையின் பெயர் மறந்துபோனது. ஹெச்.எம். சிஸ்டர் "தூக்கக் கலக்கமா டீச்சர்?" என்று கேட்டார். பிள்ளைகள் 'மாத்திரை டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து லீவில் இருக்கிறேன். வரும் ஜூனில் மாத்திரை இல்லாமல் அந்த வகுப்புக்குள் போக வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

"சொல்லாம கொள்ளாம ஒரு நாளும் நிறுத்தக் கூடாது" என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்
வலி: 4. மாத்திரை: வெள்ளை இரண்டு, அரை.

நாளை திருநீற்றுப் புதன். எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும்போது வீட்டுக்கு ஒரு தகர டப்பா தயார் செய்வார்கள். மூடியில் ஒரு பிளவு, ஒரு பூட்டு. எதை விட்டுவிடுகிறோமோ அது அந்த டப்பாவுக்குள் போகும். வெற்றிலையை விட்டவர்கள் வெற்றிலைக் காசைப் போடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, பாஸ்கா இரவில், எல்லா டப்பாவும் பீடத்துக்கு முன்னால் போகும். நான் வருஷா வருஷம் காப்பியை விடுவேன். இந்த வருஷம் காப்பியை விட்டு என்ன புண்ணியம்? எனக்கு விட முடியாதது வேறு.

இவரிடம் சொன்னேன். கம்பியை வளைத்துப் பூட்டுக்கு வளையம் வைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"டாக்டர கேட்டியா?"

"இதெல்லாம் டாக்டர கேட்டு செய்யிறதில்லங்க."

"அமலா, போன மாசம் ஒரு வேள தப்புனதுக்கே நீ பட்ட பாடு..."

"விசுவாசம் இல்லாதவங்க மாதிரி பேசாதீங்க. சாவி உங்ககிட்டதான் இருக்கணும். நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். வளையத்தை மட்டும் இரண்டு முறை கழற்றி மாட்டினார்.

பிப்ரவரி 22, திருநீற்றுப் புதன்
வலி: 5. மாத்திரை: 0.

நெற்றியில் சாம்பல் வாங்கிவந்து டப்பாவில் போட்டேன். வெள்ளை மாத்திரை ஆறு அட்டை. பயத்து மாத்திரை இரண்டு அட்டை. பிளவு வழியாக ஒவ்வொன்றாக விழுந்த சத்தம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 23, வியாழன்
வலி: 8. மாத்திரை: 0.

பிப்ரவரி 24, வெள்ளி

பத்துக்குத்தான் மார்க் போடச் சொன்னார்கள்.

பிப்ரவரி 25, சனி
வலி: 10. மாத்திரை: 0.

மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எச்சில் விழுங்கினாலும் அடிக்கிறது. கை நடுக்கம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. காரணமே இல்லாமல் யாரோ கதவை உடைத்துக்கொண்டு வரப்போவதுபோல இருக்கிறது. சுவரில் தலையை முட்டினேன் என்று இவர் சொல்கிறார். எனக்கு ஞாபகமில்லை. நெற்றி வீங்கியிருப்பது உண்மை.

சாவி கேட்டேனாம். காலில் விழுந்தேனாம். இவர் கொடுக்கவில்லை. நல்ல மனுஷன். சாயங்காலம் வெளியே போய் ரொம்ப நேரம் அழுதிருக்கிறார் போல, கண் சிவந்திருந்தது. பிறகு அவரே அடுப்படிக்குப் போய்ப் பாலில் சுக்குத் தட்டிப்போட்டு, கருப்பட்டி போட்டுக் கொண்டுவந்தார். ஸ்பூனால் ஊட்டினார். ஒரே கசப்பு. சுக்கு அவ்வளவு போடக் கூடாது என்று சொல்லக்கூட வாய் திறக்க முடியவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்
வலி: 6. மாத்திரை: 0.

நேற்று நன்றாகத் தூங்கினேன். இன்று கஞ்சி இறங்கியது. காலையிலும் இவர்தான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அடுப்படியில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன்.

மார்ச் 3, வெள்ளி
வலி: 3. மாத்திரை: 0!

ஆச்சரியக்குறி போட்டது நான்தான். பிள்ளைகள் போட்டால் அடித்துவிடுவேன்.

சிலுவைப்பாதைக்குப் போனேன். பதினாலு நிலையும் முட்டி போட்டேன். ஏழாவது நிலையில் பாட்டே பாடினேன். ஒரே ஒரு முறை லேசாக அடித்தது, அவ்வளவுதான். மாத்திரை இல்லாமல். மாத்திரை இல்லாமல். இதை எத்தனை முறை எழுதினாலும் சலிக்கவில்லை.

கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, அது உபவாசத்தால் இருக்கும். திரும்பி வரும்போது இவரிடம், "பாத்தீங்களா?" என்றேன். "பாத்தேன்" என்றார். சந்தோஷப்படவும் தெரியாத மனுஷன்.

மார்ச் 5, ஞாயிறு
வலி: 2. மாத்திரை: 0.

பங்குச் சாமியார் பூசைக்குப் பிறகு விசாரித்தார். எல்லாம் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். வியாழக்கிழமை நம் அன்பியக் கூட்டத்தில் சாட்சி சொல்லுங்கள் என்றார். நம் தெருவில் பதினெட்டு கத்தோலிக்க வீடு, மாதம் ஒரு முறை ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். பொறுப்பாளர் நான்தான். நாலு வருஷமாகப் பேர் மட்டும்தான், பேசுவதெல்லாம் பக்கத்து வீட்டு செசிலி.

இவர் இப்போது சுக்குக் காப்பியில் கை தேறிவிட்டார். ஆனாலும் அடியில் அந்தக் கசப்பு போகவில்லை. கருப்பட்டி மட்டமோ என்னவோ. நானே போட்டுக்கொள்கிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறார். முன்னால் நின்று டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடிக்க வைக்கிறார். இது இரண்டாவது அற்புதம்.

மார்ச் 9, வியாழன்
வலி: 2. மாத்திரை: 0.

ரெஜினா வீட்டில் கூட்டம். மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். புருஷன் செத்து எட்டு வருஷமாகிறது. ஒரே மகள் பிரின்சி, திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து காலேஜ் படிக்கிறாள். ரெஜினாவுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையால் பத்து வருஷமாக வராமல் இருக்கிறது.

அரை மணி நேரம் நின்று பேசினேன். ஒரு நரம்பும் சுண்டவில்லை. நான் வலியைச் சொன்னேன், பயத்தைச் சொன்னேன், பிள்ளைகள் வைத்த பெயரைக்கூடச் சொன்னேன். பிறகு டப்பாவைச் சொன்னேன். பெண்கள் அழுதார்கள். சாமியார் கைதட்டினார். நாலு வருஷத்துக்குப் பிறகு பயமில்லாமல் பேசினேன், ஒரு அறை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வகுப்பில் நின்றது போலவே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இவர் உள்ளே வரவில்லை. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முடிந்ததும் செசிலி, "எனக்கும் சக்கர மாத்திர தின்னு தின்னு வயிறு வெந்துபோச்சு டீச்சர்" என்றாள். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க திங்கிறதும் நான் திங்கிறதும் ஒரே மாத்திரதான டீச்சர்? மருந்துக் கடையில பாத்தோமே." ஆமாம், வலிப்புக்கும் என் நரம்புக்கும் அதே வெள்ளை மாத்திரைதான் கொடுக்கிறார்கள். ஆமாம் என்றேன்.

மார்ச் 10, வெள்ளி
வலி: 2. மாத்திரை: 0.

காலையில் ரெஜினா வந்தாள். குளித்து, தலையில் முக்காடு போட்டு, கோயிலுக்கு வருவதுபோல வந்தாள். கையில் மூன்று அட்டை.

"நான் வச்சிருந்தா கை அதுலயே போயிரும் டீச்சர். உங்க டப்பாவுலயே போட்டுக்கங்க. ஒரே நோன்பா இருக்கட்டும்."

நான் கேட்கவில்லை. அவளாகக் கொண்டுவந்தாள். பெரிய மனுஷி, அவளுக்குத் தெரியாதா? பிளவு வழியாக அவளே போட்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு முன் பல் கொஞ்சம் இடைவெளி.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டு அவள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டார்.

மார்ச் 13, திங்கள்
வலி: 3. மாத்திரை: 0.

மணப்பாறையில் இவருடைய அண்ணி இறந்துவிட்டார்கள். காலையில் காப்பி கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் போகவில்லை, பஸ் காற்று ஆகாது. வாசல் வரை போய் மூன்று முறை திரும்பி வந்தார். "நான் வேணா போகாம இருக்கட்டுமா?" என்றார். சொந்த அண்ணி சாவுக்கு! "சும்மா போங்க, எனக்கென்ன கேடு" என்றேன்.

மார்ச் 14, செவ்வாய்
வலி: 9. மாத்திரை: 0.

மத்தியானம் ரெஜினா வந்தாள். எனக்குப் பேச முடியவில்லை. போய்விட்டாள்.

இவர் ஊரில் இல்லாத நாள் பார்த்துப் பிசாசு வந்திருக்கிறது.

மார்ச் 15, புதன்
வலி: காலையில் 10, இரவில் 6. மாத்திரை: 0.

இவர் மத்தியானமே ஓடி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தார். இரண்டு நாள் ஜெபத்தில் அசந்துவிட்டேன் போலிருக்கிறது. அதுதான் தண்டனை.

மார்ச் 18, சனி
வலி: 2. மாத்திரை: 0.

பிசாசு தோற்றது. இரண்டு நாள் சோதனையைப் பற்றிச் சாமியாரிடம் சொன்னேன். நாளைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொல்கிறேன் என்றார். பெயர் சொன்னாலும் எனக்குப் பரவாயில்லை. இதை இங்கேதான் எழுத முடியும்.

மார்ச் 22, புதன்
வலி: பார்க்கவில்லை.

ரெஜினா விழுந்துவிட்டாள். காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். பால்காரம்மாதான் பார்த்திருக்கிறார். கை கால் வெட்டி இழுத்துக்கொண்டே கிடந்திருக்கிறாள், கல்லின் விளிம்பில் தலை இடித்து ரத்தம். 108 வந்து திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். நினைவு வரவில்லையாம்.

வலிப்புக்காரிக்கு வலிப்பு வருவது புதிதா? மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வருகிறது. அவள் நிறுத்தினாளா, வேறு அட்டை வாங்கிச் சாப்பிட்டாளா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. டப்பாவில் போட்டது மூன்று அட்டைதான். வீட்டில் வேறு இருந்திருக்கும்.

ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி ஜெபமாலை சொன்னேன். இவர் சாப்பிடவில்லை.

மார்ச் 24, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

காலை பத்து மணிக்குப் பிரின்சி வந்தாள். ஆட்டோ வாசலில் நின்றது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த முகம். இவர் வேலைக்குப் போயிருந்தார்.

"டீச்சர், அம்மா என்ன மாத்திர சாப்பிட்டுச்சு, எத்தன எம்.ஜி.ன்னு டாக்டரு கேக்குறாரு. ரத்தத்துல மருந்தே இல்லங்குறாங்க. வீட்டுல ஒரு அட்டகூட இல்ல. அம்மா அன்னைக்கே போன்ல சொல்லுச்சு, உங்க டப்பாவுல போட்டுட்டேன்னு."

நான் சாவி இல்லை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு இவருடைய சுத்தியலை எடுத்து வந்தேன். திண்டுக்கல் பூட்டு, ஐந்து அடி வாங்கித்தான் விட்டது.

டப்பாவைப் பாயில் கொட்டினேன். ரெஜினாவின் மூன்று அட்டை மேலே கிடந்தது. அதில் பழைய அட்டையில் மட்டும் அவள் முன்பே சாப்பிட்ட இரண்டு மாத்திரை குறைவு. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே என்னுடையது. ஐந்து அட்டை காலி. ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தது. ஆறாவது அட்டை பிரிக்காமல் இருந்தது. பயத்து மாத்திரையில் ஒரு அட்டை காலி. மற்றதில் ஒரு குழியில் பாதித் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடைய அட்டையோ என்றுதான் நினைத்தேன். என் கை தானாக எண்ணியது. கழித்துப் பார்த்தது. பிப்ரவரி 25 இரவு. சுக்குப் பால். மணப்பாறை போன இரண்டு நாள் தள்ளி, இன்று காலைக் காப்பி வரைக்கும். ஐம்பது. சரியாக இருந்தது. கணக்கில் எனக்குத் தப்பு வராது.

பிரின்சியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மாத்திர எல்லாம் காலியா இருக்கே டீச்சர்" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி புரியாத பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். வலியே இல்லை. நாலு வருஷமாக எந்த வாயைத் திறக்கப் பயந்தேனோ அந்த வாய் நன்றாகத் திறந்தது, அதற்குள் ஒரு வார்த்தை இல்லை.

அவள் அம்மாவின் மூன்று அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மார்ச் 25, சனி

நேற்றுச் சாயங்காலம் இவர் வந்து, உடைந்த பூட்டைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"ஏமாத்திட்டீங்க" என்றேன்.

"ஆமா."

"சாமி பேர்ல சத்தியம் பண்ணுனீங்க."

"சாவி தரமாட்டேன்னுதான் பண்ணுனேன். தரலயே." பிறகு அழுதார். "மூணு நாளு நீ செவுத்துல முட்டுன முட்டு, ரத்தம் வரலன்னாலும் எனக்குக் கேட்டுச்சு. எல்லாரும் கடவுள்கிட்ட விட்டுருன்னு சொல்லுவாங்க. நான் விடல. ஈஸ்டருக்கு முன்னாடி புது அட்ட வாங்கி உள்ள வச்சிரலாம்னு நெனச்சேன்."

"அன்னைக்கு அன்பியத்துல நான் சாட்சி சொன்னப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே!"

"நாலு வருசத்துக்கு அப்புறம் நீ அப்படிப் பேசி அன்னைக்குத்தான் பாத்தேன். அத எப்படி அமலா நிறுத்துவேன்?" சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். "ரெஜினா தங்கச்சிகிட்ட போயிச் சொன்னேன். நிறுத்தாத, உனக்கு ஆகாதுன்னு. ஏன்னு கேட்டுச்சு. ஏன்னு மட்டும் என்னால சொல்ல முடியல. 'அண்ணே, டீச்சருக்கு இருக்குற விசுவாசத்துல பாதி உங்களுக்கு இல்ல'ன்னு சிரிச்சுச்சு."

விடிய விடியத் திட்டினேன். எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினேன். காலையில் ஒரு டம்ளரில் தண்ணீரும், மூடியில் ஒரு மாத்திரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இனிமே எதுலயும் கலக்க மாட்டேன். இஷ்டம்னா போடு" என்றார்.

போட்டுக்கொண்டேன். கோபத்துக்காக வலியைப் பொறுக்கிற தைரியம் எனக்கில்லை. அது எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

மார்ச் 26, ஞாயிறு

ரெஜினா விடிகாலை இறந்துவிட்டாள்.

மார்ச் 28, செவ்வாய்
வலி: 3. மாத்திரை: வெள்ளை இரண்டு, அரை.

நேற்று அடக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பூப் போட்டார்கள். சத்துணவில் முட்டை உரித்துக் கொடுக்கிற கை என்று ஒரு சின்னப் பெண் கையைத் தொட்டுப் பார்த்தாள். சாமியார் பிரசங்கத்தில் கடவுளின் சித்தம் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிரின்சி என் காலி அட்டைகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியாமல் அவள் நிழல் தெரிந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதற்கு அரை மாத்திரை போதாது.

ஏப்ரல் 1, சனி
வலி: 3. மாத்திரை: வெள்ளை இரண்டு, அரை.

பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புருஷன் ஏமாற்றினார், அது தெரியாமல் நான் பொய்ச் சாட்சி சொன்னேன் என்றேன். "நானும் கைதட்டினேன் டீச்சர்" என்றார் சாமியார். பிறகு, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

இருக்கிறது. கோயிலில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மார்ச் 14-ஆம் தேதிப் பக்கத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது. அன்று மத்தியானம் நடந்தது இதுதான்.

வலி உயிர் போனது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெஜினா வாசலில் நின்று வலது கையை இடது கையால் பிடித்துக்காட்டினாள். "ரெண்டு நாளா கை வெட்டி வெட்டி இழுக்குது டீச்சர். கரண்டி கீழ விழுந்துருது. பயமா இருக்கு. ரெண்டே ரெண்டு மாத்திர எடுத்துக்கட்டுமா?"

டப்பா எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. பூட்டை உடைத்திருக்கலாம். பத்து நாள் கழித்து உடைத்தேன் அல்லவா? கடைக்குப் போய் வேறு வாங்கிக்கொள் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவள் எடுத்துக்கொண்டால் எனக்கும் எடுத்துக்கொள்ளத் தோன்றிவிடும். நான் தோற்றுவிடுவேன். என் சாட்சி தோற்றுவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, வலியே இல்லாதவள் போலச் சிரித்து, சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினேன். "பொறுத்துக்க" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கன்னத்தில் கரண்ட் அடித்தது. அப்படியும் சொன்னேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

இதில் இவருக்குப் பங்கில்லை. இவர் ஊரிலேயே இல்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி
வலி: 5. மாத்திரை: வெள்ளை இரண்டு, அரை.

கோயிலில் சிலுவையை முத்தமிடப் போகாமல் பிரின்சி வீட்டுக்குப் போனேன். ஊரே கோயிலில் இருந்தது. அவள் ஹாஸ்டலுக்குத் திரும்ப, அம்மாவின் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

பதினாலாம் தேதி நடந்ததைச் சொன்னேன். கை வெட்டி இழுத்ததை, மாத்திரை கேட்டதை, நான் சிரித்ததை. இடையில் இரண்டு முறை வலி அடித்தது. நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தேன். அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியும் டீச்சர்" என்றாள். "அன்னைக்கு ராத்திரி அம்மா போன்ல சொல்லுச்சு."

"என்னம்மா சொன்னா?"

சேலையை மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"டீச்சருக்கு வலி உசுரு போகுதுடி, கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனாலும் எனக்குத் தெரியக் கூடாதுன்னு சிரிக்கிறாங்க. அவ்வளவு வலியிலயும் அவங்க மாத்திர கேக்கல. நான் கை வெட்டுறதுக்குப் போயி கேட்டுட்டேன், வெக்கமா இருக்குன்னு சொல்லுச்சு. நான் மாத்திர போடும்மான்னு சண்ட போட்டேன். 'டீச்சர பாத்ததுக்கு அப்புறம் போட மாட்டேன்'னு போன வச்சிருச்சு."

நான் மறைத்துவிட்டேன் என்று நினைத்த வலியை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததனால்தான் மாத்திரை போடாமலே இருந்திருக்கிறாள். நான் அழுது கதறியிருந்தால், சாவி கேட்டு இவர் காலில் விழுந்ததைச் சொல்லியிருந்தால், அவள் அன்றைக்கே மாத்திரை போட்டிருப்பாள்.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போனேன். கேட்க வாய் வரவில்லை. கிளம்பும்போது பிரின்சி, "செசிலி அத்தைக்கும் ஒடம்பு சரியில்ல டீச்சர். மயக்கம் மயக்கமா வருதாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்
வலி: 4. மாத்திரை: வெள்ளை இரண்டு, அரை.

பாஸ்கா இரவில் பீடத்துக்கு முன்னால் எல்லா வீட்டு டப்பாவும் இருந்தது. எங்கள் வீட்டு டப்பா போகவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்
வலி: 7. மாத்திரை: வெள்ளை இரண்டு, அரை.

இந்த மாத அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. பதினாறு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். சாமியார் வரவில்லை. பிரின்சி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

ஜெபம் முடிந்ததும் எழுந்தேன். உடைந்த பூட்டையும் காலி அட்டைகளையும் பாயின் நடுவில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவர் காப்பியில் கலந்தது, எனக்கு அது தெரியாதது, ரெஜினா வாசலில் வந்து கேட்டது, நான் சிலுவையைக் காட்டியது. நடுவில் வலி வந்தபோது இந்தத் தடவை மறைக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாய் கோணி, எச்சில் வழிய நின்றேன். வலி போன பிறகு மீதியைச் சொன்னேன். டாக்டரைக் கேட்காமல் யாரும் ஒரு மாத்திரையும் நிறுத்தாதீர்கள் என்றேன்.

இவர் வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து என் காலடியில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேர் எழுந்து சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்கள் ரெஜினாவுக்கு உறவு. போகத்தான் வேண்டும். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செசிலி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெற்றிலை எடுக்கிறாள் என்று நினைத்தேன். சர்க்கரை மாத்திரை அட்டை. பிரிக்கவே இல்லை. கை நடுங்கியதில் அவளால் ஒரு மாத்திரையைக்கூடப் பிதுக்க முடியவில்லை. இவர்தான் வாங்கிப் பிதுக்கிக் கொடுத்தார்.

"நீங்க சாட்சி சொன்ன அன்னையிலருந்து நானும் திங்கல டீச்சர்" என்றாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க."

நான் அடுப்படிக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன்.